ரோடு வேலை முடிஞ்சாச்சு... பதிச்ச புல் கருகிப் போவது ஏன்?

சென்னை:
மெட்ரோ ரெயில், மழைநீர் கால்வாய், மின்சார கேபிள் என்று ஏதாவது ஒரு வேலைக்காக சென்னையில் ரோடு தோண்டப்பட்டுக் கொண்டேதான் இருக்கிறது. 2-ம் கட்ட மெட்ரோ ரெயில் பணிக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆற்காடு சாலை, ஓ.எம்.ஆர். என பல முக்கிய சாலைகள் இதற்காக தோண்டப்பட்டன.

பொதுவாக இதுபோன்ற வேலை முடிந்து தடுப்பை எடுத்ததும் ரோட்டோரத்திலும், சென்டர் மீடியனிலும் புல் பதிப்பார்கள். முதல் வாரம் பச்சைப்பசேல் என்று இருக்கும். ஒரே மாசத்தில் வைக்கோலாகி விடும். "தண்ணி ஊத்தல, அதான்" என்பார்கள். அது பாதி காரணம்தான். மீதி காரணம் மண்ணுக்கு அடியில் கிடக்கிறது.

அடியில் என்ன இருக்கு?

உடைந்த கான்கிரீட், ஜல்லி, சிமெண்டு பால், தார்க்கட்டி. இதை அள்ளாமல் மேலே 2 அங்குலம் செம்மண் தூவி புல்லை விரித்து விடுகிறார்கள். லாரியும் ரோலரும் ஓடி ஓடி கீழே உள்ள மண் கல்லாக இறுகிக் கிடக்கும். அதற்குள் வேர் இறங்காது. மழைத் தண்ணீரும் இறங்காது, ரோட்டுக்குத்தான் ஓடி வரும். சிமெண்டு கழிவால் மண்ணில் சுண்ணாம்புத்தன்மையும் கூடி விடும். பிறகு புல் எப்படி பிழைக்கும்?

சரியான முறை எது?

முதலில் இடிபாடுகளை முழுசாக அள்ள வேண்டும். இறுகிய மண்ணை ஓரடி ஆழத்துக்கு கொத்தி விட வேண்டும். அதன்மேல் அரை அடிக்கு நல்ல மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து போட வேண்டும். மண் மட்டம் ஓரக்கல்லை விட ஓரிரு அங்குலம் தாழ்வாக இருக்கணும். அப்போதுதான் தண்ணீர் தங்கும், மண்ணும் ரோட்டில் வழியாது.

வெயில் அடிக்கும் இடத்துக்கு நம்ம ஊர் அருகம்புல்லே போதும். வறட்சியை தாங்கும், காலில் மிதிபட்டாலும் மறுபடி துளிர்க்கும். பதித்த முதல் 2, 3 வாரம் தினமும் தண்ணீர் விட வேண்டும். கத்திரி வெயிலில் பதித்தால் செலவுதான் மிச்சம். ஆடி, ஆவணியில் பதித்தால், பின்னால் வரும் வடகிழக்கு பருவமழை புல்லை காப்பாற்றி விடும்.

மரத்துக்கும் ஆபத்து

மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல் 2 அடி மண்ணுக்குள்தான் இருக்கின்றன. மரத்தை ஒட்டி பள்ளம் தோண்டி வேரை வெட்டிவிட்டு, மேலே சிமெண்டு பூசி மூடினால் புயல் காற்றுக்கு அது நிற்காது. 2016 டிசம்பர் 12-ந்தேதி வீசிய வார்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நீங்க என்ன செய்யலாம்?

உங்க தெருவில் புல் பதிக்கும்போது ஒரு கடப்பாரையை குத்திப் பாருங்க. அரை அடி இறங்காமல் "ணங்" என்று சத்தம் கேட்டால் அடியில் இடிபாடு இருக்குன்னு அர்த்தம். உடனே மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு புகார் சொல்லலாம். தகவல் உரிமை சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டு, புல் பதிக்க ஒப்பந்தத்தில் எவ்வளவு மண், எத்தனை மாத பராமரிப்பு என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பில் பாஸ் ஆவதற்கு முன்பே கேட்பதுதான் புத்திசாலித்தனம். ஏன்னா, கருகிப் போவது புல் மட்டும் அல்ல, நாம் கட்டிய வரிப்பணமும்தான்.