பச்சையாகவே வாடும் தக்காளி: கலங்களுக்குள் நடப்பது என்ன?

காலையில் நிமிர்ந்து நின்ற தக்காளிச் செடி நண்பகலில் தலை சாய்கிறது. மாலையில் மீண்டும் நிமிர்கிறது. சில நாட்களில் இலை மஞ்சளாகாமல், பச்சையாகவே வாடிச் சாகிறது. கண்டியைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் நம்மவர் பலர், தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுகிறார்கள். மண்ணில் ஈரம் இருக்கிறது. செடிக்குள்தான் அது ஏறவில்லை.

தாவரக் கலத்தைச் சுற்றி உறுதியான கலச்சுவர் உண்டு. உள்ளே கருவும், வெயிலைக் கொண்டு உணவாக்கும் பச்சையவுருமணிகளும், நீர் நிறைந்த புன்வெற்றிடமும் உள்ளன. அந்த நீர் சுவரை உள்ளிருந்து அழுத்துவதால்தான் இலை விறைப்பாக நிற்கிறது. நீர் குறைந்தால் காற்றுப்போன சைக்கிள் ரியூப்தான். மாட்டுக்கும் நமக்கும் உள்ள விலங்குக் கலத்தில் கரு உண்டு. சுவரும் பச்சையமும் இல்லை.

வேரிலிருந்து நீரை மேலேற்றுவது காழ்க்குழாய். உள்ளிருந்தவை அழிந்து, சுவர் மட்டும் எஞ்சிய செத்த கலங்களின் வரிசை அது. செத்த பிறகே வேலைக்கு உதவும் கலம்!

வாடலுக்குக் காரணமான பற்றீரியா இந்தக் குழாய்க்குள்தான் பெருகுகிறது. 1896இல் எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் இதை விபரித்தார். இன்றைய பெயர் ரால்ஸ்டோனியா சொலனசியாரம். ஒரே கலம்தான் அதன் முழு உடலும். நீளம் ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய 500இல் ஒரு பங்கு. சுவர் உண்டு, கரு இல்லை. வேரில் பட்ட காயத்தால் நுழைந்து, ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகி, பசைபோன்ற கோழையைச் சுரந்து குழாயை அடைத்துவிடுகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். வாடிய செடியின் தண்டை நிலமட்டத்துக்குச் சற்று மேலே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். தெளிந்த நீருள்ள கண்ணாடிக் கிளாசில் அதன் அடிமுனை மட்டும் நனையும்படி, அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற நூல்கள் கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். இறங்காவிட்டால் காரணம் பெரும்பாலும் வேறு.

பெனிசிலின், பற்றீரியா தன் சுவரைக் கட்டுவதைத் தடுக்கும் மருந்து. நம் கலங்களுக்குச் சுவர் இல்லாததால் அவற்றைத் தாக்குவதில்லை. அப்படியானால் மாத்திரையைக் கரைத்து ஊற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். செடி பிழைக்காது, மண்ணிலுள்ள மற்றப் பற்றீரியாக்கள் மருந்துக்குப் பழகிவிடும். தெளிமருந்தாலும் பயனில்லை.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சமநிலத்தில் கிணற்றுநீர் இறைத்துப் பழகிய நாம், இங்கே சரிவைக் கவனிக்க வேண்டும். மேற்பாத்தியின் நோய் மழைநீரோடு கீழ்ப்பாத்திக்கு இறங்கும். மேற்புறத்தில் வடிகால் வெட்டுங்கள். வாடிய செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள். கூட்டெருக் குழியில் போடாதீர்கள். மண்வெட்டியைக் கழுவுங்கள். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதையும் சில போகங்களுக்கு நடாமல் சோளம் போடுங்கள். சுண்டங்கத்தரி வேரில் ஒட்டிய தக்காளிக் கன்று இந்நோயை நன்கு தாங்கும்.

புதுக் காணி எடுக்குமுன் அங்கே முன்பு தக்காளி வாடியதா என்று அயலாரிடம் விசாரியுங்கள். குத்தகைப் பணம் கொடுத்தபின் கேட்டு என்ன பயன்? சந்தேகமானால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம். பேராதனைக்கு அருகில் கன்னொறுவையில் அதன் ஆராய்ச்சி நிலையங்களும் உள்ளன.