உங்களுக்குத் தெரியுமா? அறுந்தது 43 விநாடி, சரிசெய்ய ஒரு நாள்!

2018 அக்டோபர் 21. பழுதான ஆப்டிக்கல் கருவியை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலையின்போது, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டருக்கு நெட்வொர்க் தொடர்பு 43 விநாடி அறுந்தது. அதற்குள் ‘ஆர்க்கெஸ்ட்ரேட்டர்’ என்ற மென்பொருள், அங்கிருந்த முதன்மை மைஎஸ்க்யூஎல் தரவுத்தள சர்வர்கள் போய்விட்டன என்று முடிவுகட்டி, மேற்குக் கரை சர்வர்களுக்கு முதன்மைப் பட்டம் கட்டிவிட்டது.

வம்பு அங்கேதான். கிழக்கில் கடைசி சில விநாடிகளில் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேரவே இல்லை. பரபரப்பான ஒரு கிளஸ்டரில் (சர்வர் தொகுப்பில்) மட்டும் அப்படி 954 பதிவுகள். மேற்கிலோ அடுத்த 40 நிமிடத்துக்குள் புதுப் பதிவுகள் குவிந்துவிட்டன. எந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டாலும் மறுபக்கம் அழியும்!

தளம் முடங்கினாலும் பரவாயில்லை, தரவு போகக் கூடாது என்று பொறியாளர்கள் தீர்மானித்தார்கள். கெட்ட பெயர் வாங்கித் தந்தாலும் சரியான முடிவுதான். பல டெராபைட் பேக்கப்பை இறக்கி, ரெப்ளிகாக்கள் (நகல் சர்வர்கள்) ஈடுகொடுத்து வரும்வரை காத்திருந்து எல்லாம் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அதன்பின், ஆர்க்கெஸ்ட்ரேட்டர் தானாகக் கரை தாண்டிப் பட்டம் கட்ட முடியாதபடி அமைப்பை மாற்றினார்கள்.