விரலுக்குத் தகுந்த வீக்கம்: பறவைப் படமெடுக்க எந்த லென்ஸ்?

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

இறைவனின் படைப்புகளைக் கண்டு வியக்காத உள்ளம் இல்லை. கண்டதைப் பிறருக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் நாம் கேமராவைக் கையில் எடுக்கிறோம். ஆனால் மயிலும் மானும் நாரையும் நம் அருகில் வந்து நிற்பதில்லை. தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் டெலி ஜூம் லென்ஸ் அதற்குத் தேவை. அதன் விலையோ பலருக்கு எட்டாக் கனி. நடுத்தரக் குடும்பத்தினர் தம் வசதிக்குள் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை நான் கற்ற அளவில் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்ற கோடை விடுமுறையில் வற்றிக் கிடந்த எங்கள் ஊர்க் குளத்தில் ஆள்காட்டிக் குருவி ஒன்று கூழாங்கற்களுக்கிடையே நான்கு முட்டைகள் இட்டிருந்தது. என் கையில் சித்தப்பா இரவல் தந்த கேனன் கேமராவும், அதனுடன் வந்த 18–55 மி.மீ. லென்ஸும் இருந்தன. அந்த லென்ஸில் தூரத்திலிருந்து பார்த்தால் பறவை ஒரு புள்ளி. ஆகவே நெருங்கிப் போனேன். தாயும் தந்தையும் தலைக்கு மேலே கதறிக் கொண்டு பறந்தன. நான் பத்து நிமிடம் நின்று படமெடுத்தேன். திரும்பி ஐம்பது அடி நடப்பதற்குள் காகம் ஒன்று இறங்கி ஒரு முட்டையைக் கொத்திச் சென்றது. அந்தப் படத்தை நான் இதுவரை யாருக்கும் காட்டவில்லை. நீண்ட லென்ஸ் ஆடம்பரம் அன்று, அது பறவைக்கு நாம் தரும் இடைவெளி என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

குவியத் தூரம் என்னும் எண்

லென்ஸின் மீது 55–250 என்றோ 70–300 என்றோ எழுதியிருக்கும். அது மில்லிமீட்டரில் குவியத் தூரம். ஒளியியல் பாடத்தில் நாம் படித்ததே இங்கும் பயன்படுகிறது. தொலைவிலுள்ள பொருளின் அளவைக் குவியத் தூரத்தால் பெருக்கி, பொருளின் தொலைவால் வகுத்தால் பிம்பத்தின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். ஆள்காட்டியின் நீளம் சுமார் 35 செ.மீ. அது 20 மீட்டர் தொலைவில் இருந்தால், 55 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. 250 மி.மீ. லென்ஸில் 4.4 மில்லிமீட்டர், 600 மி.மீ. லென்ஸில் 10.5 மில்லிமீட்டர். சித்தப்பாவின் கேமராவில் பிம்பம் விழும் சென்சாரின் உயரம் சுமார் 15 மில்லிமீட்டர். அதில் 4.4 என்பது குறைவுதான். ஆயினும் பறவையை இன்னதென்று அடையாளம் காண அதுவே போதும்.

சென்சார் சிறியதாக இருப்பது நமக்கு ஒருவகையில் நன்மையே. பழைய 35 மி.மீ. பிலிமோடு ஒப்பிட்டால் இத்தகைய கேனன் கேமராக்களில் பார்வைக் கோணம் 1.6 மடங்கு குறுகுகிறது. ஆகவே 250 மி.மீ. லென்ஸ், பிலிம் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவு காட்சியையே காட்டும்.

விலை ஏன் ஏறுகிறது?

இரண்டாவது எண் எஃப் எண். குவியத் தூரத்தை ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது இது. 300 மி.மீ. லென்ஸ் எஃப் 5.6 ஆக இருந்தால் துளையின் விட்டம் 54 மில்லிமீட்டர். அதே லென்ஸ் எஃப் 2.8 ஆக வேண்டுமானால் 107 மில்லிமீட்டர். விட்டம் இரு மடங்கானால் ஒளி நான்கு மடங்கு உள்ளே வரும். அந்தி நேரத்துக் காட்டில் அது பெரிய உதவி. ஆனால் அவ்வளவு பெரிய கண்ணாடியைப் பிழையின்றிச் செதுக்கப் பெரும் பொருட்செலவாகும். ஆகவேதான் அத்தகைய லென்ஸ்கள் பல இலட்சம் ரூபாய் விலை பெறுகின்றன.

நடுவே ஒரு வழி உண்டு. 2013ஆம் ஆண்டுக்குப் பின் டாம்ரான், சிக்மா ஆகிய நிறுவனங்கள் 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ்களையும், நைக்கான் நிறுவனம் 200–500 மி.மீ. லென்ஸையும் கொண்டு வந்தன. பெரிய லென்ஸ்களை விட இவற்றின் விலை மிகக் குறைவு. எனினும் எடை இரண்டு கிலோ அளவில் இருக்கும். எங்கள் வீட்டு வரவுக்கு அதுவும் அதிகமே. நாங்கள் பார்த்தவை இரண்டு. ஒன்று, கேனன் 75–300 மி.மீ.; மற்றொன்று, கேனன் 55–250 மி.மீ. ஐ.எஸ். எஸ்.டி.எம்.

நான் 300 என்ற எண்ணைப் பார்த்து மயங்கினேன். ஆனால் அதில் கை நடுக்கத்தை ஈடு செய்யும் அமைப்பு இல்லை, 250இல் உண்டு. கையில் பிடித்துப் படமெடுக்கும்போது, குவியத் தூரத்தை 1.6 ஆல் பெருக்கி வரும் எண்ணில் ஒரு பங்கு நொடிக்காவது ஷட்டர் வேகமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. 250 மி.மீ. லென்ஸுக்கு அது 1/400 நொடி. நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு இருந்தால், அசையாமல் அமர்ந்திருக்கும் பறவையை 1/100 நொடியிலும் தெளிவாக எடுக்கலாம். பறக்கும் பறவைக்கு மட்டும் அது உதவாது. அதற்கு 1/1000 நொடிக்குக் குறையாத வேகம் வேண்டும். மேலும் 55–250 லென்ஸின் எடை 375 கிராம்தான். எண்ணில் பெரியது எல்லாம் பயனில் பெரியது ஆகாது.

பழைய லென்ஸ் வாங்குவோர் கவனிக்க

என் ஞானத்தாய் உறுதிபூசுதலுக்குத் தந்த அன்பளிப்பையும், உண்டியல் பணத்தையும், அப்பா தந்ததையும் சேர்த்தால் எட்டாயிரம் ரூபாய். ஆகவே பழைய லென்ஸே வாங்கினோம். முதலில் வாங்கியதை வீட்டில் விளக்கொளியில் பார்த்தபோது உள்ளே சிலந்தி வலை போன்று பூஞ்சை படர்ந்திருந்தது. கடைக்காரர் ஐந்நூறு ரூபாய் பிடித்துக் கொண்டுதான் திரும்ப எடுத்துக் கொண்டார். ‘பதறாத காரியம் சிதறாது’ என்று அம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஆகவே பணம் கொடுக்கும் முன்பே இவற்றைப் பாருங்கள்:

1. லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இருபுறமும் பூஞ்சையோ கீறலோ உண்டா என்று பாருங்கள்.
2. ஜூம் வளையம் தடையின்றிச் சுழல வேண்டும்.
3. உங்கள் கேமராவிலேயே பொருத்தி, சுவரில் ஒட்டிய செய்தித்தாளைப் படமெடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்து தெளிவாக உள்ளதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.
4. எல்லா லென்ஸும் எல்லாக் கேமராவுக்கும் பொருந்தாது. பெயரைக் கேட்டு அறிந்த பின்பே வாங்குங்கள்.

வாங்கிய பின் மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தால் பூஞ்சை அணுகாது.

கருவியினும் பெரிது பொறுமை

‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) நம் நாட்டின் தலைசிறந்த வனவிலங்குப் படக் கலைஞர்களுள் ஒருவர். பல கேமராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக் கொண்ட கருவியால் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்குவோர் அவரை நினைத்துக் கொள்ளலாம்.

நம் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் இன்னொரு பாடம் தருகிறது. 1994இல் சரணாலயமான அவ்வூரில் வீட்டருகே உள்ள மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. பறவைகள் அஞ்சும் என்று ஊரார் வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். மனிதரை நம்பும் பறவைக்குச் சிறிய லென்ஸே போதும். அந்த நம்பிக்கையை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

ஜூலை மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் அதே குளத்துக்குச் சென்றேன். ஆள்காட்டி மீண்டும் அடைகாத்துக் கொண்டிருந்தது. கரை மேட்டின் பின்னே, 20 மீட்டர் தள்ளிப் படுத்துக் கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு படம் எடுத்தேன். படத்தில் பறவை சிறியதாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எழுந்து பறக்கவில்லை, கதறவும் இல்லை. இந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டுகிறேன்.

பறவைகளைச் சகோதரிகள் என்று அழைத்த புனித பிரான்சிஸ் அசிசியாரை, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979இல் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். அன்புத் தோழியரே! கேமரா வாங்கும்போது விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். படமெடுக்கும்போதோ, நம் சகோதரிகளின் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்ற எண்ணம் வேண்டும். வாசலுக்கு வெளியே நிற்கவே நமக்கு நீண்ட லென்ஸ்.