ஒபியோக்கோமா என்னும் நொறுங்கு நட்சத்திரம்

கடல் வற்றும் வேளையில் முருகைக்கற்பாரில் ஒரு கல்லைப் புரட்டினால், கரிய பிராணியொன்று பாம்புபோல் நெளிந்து இடுக்கினுள் மறைவதைக் காணலாம். அதன் புயத்தைப் பற்றினால், புயம் ஒடிந்து கையோடு வந்துவிடுவதுண்டு, பிராணியோ தப்பிவிடும். ஒடிந்த புயம் மீண்டும் வளரும். இவ்வியல்பு பற்றியே இவை நொறுங்கு நட்சத்திரங்கள் எனப் பெயர் பெற்றன.

முட்தோலிகள் என்னுங் கணத்தில், ஒபியுரோயிடியா என்னும் வகுப்பைச் சேர்ந்தவை இவை. நட்சத்திரமீனின் புயங்கள் அடியில் அகன்று உடலோடு கலந்துவிடுகின்றன. இவற்றின் புயங்களோ வட்டமான உடற்றட்டினின்றும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. குதம் இன்மையால் உணவின் கழிவு வாய்வழியே வெளியேறும். புயத்தினுள்ளே முள்ளந்தண்டை ஒத்த சுண்ணத் துண்டங்கள் கோவையாக அமைந்திருத்தலால், அது பக்கவாட்டில் எளிதாக வளைகின்றது.

இவ்வகுப்பில் ஒபியோக்கோமா என்பது ஒரு சாதி. பாம்பையும் கூந்தலையுங் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது இப்பெயர். இச்சாதியை அறிவது எங்ஙனம்? தட்டின் மேற்புறத்தைச் சிறுமணிகள் மூடியிருக்கும். வாயோரத்தில் மட்டுமன்றித் தாடைகளின் நுனியிலும் சிறுமுளைகள் கூட்டமாக நிற்கும். புயமுட்கள் தடித்து, வழவழப்பாய், வெளிநோக்கி விறைத்து நிற்கும். 1816இல் இலாமார்க்கு விவரித்த ஒபியோக்கோமா இசுக்கொலோபென்றினா என்னும் இனம் இந்து சமுத்திரத்திற் பரவலாக வாழ்வது. வற்றிய நீர் மீளும்போது இது இடுக்கிலிருந்து புயங்களை நீட்டி, நீர்ப்பரப்பில் மிதக்கும் நுண்ணுணவைத் துடைத்தெடுத்து உண்கின்றது.

கரிபியன் கடலின் ஒபியோக்கோமா வெண்டியை என்ற இனமோ அறிஞரைப் பெரிதுங் குழப்பியது. கண்ணற்ற இப்பிராணி பகலிற் கருத்தும் இரவில் வெளிறியுந் தோன்றும். ஒளிகண்டு நிழலை நாடும். புயத்தகடுகளிலுள்ள பளிங்குக் குமிழ்கள் வில்லைகளாய் ஒளியைக் குவிக்கின்றன என 2001இல் ஆய்வாளர் கூறினர். உடல் முழுதும் ஒரு கண்ணே என உலகம் வியந்தது. ஆனால் ஒளியுணர் கலங்கள் அக்குமிழ்களின் கீழன்றித் தோலின் பரப்பிலேயே உள்ளன என்பது 2018இல் வெளியாயிற்று. பகலில் விரியும் நிறக்கலங்கள் பக்கவொளியை மறைத்துத் திசையறிய உதவுகின்றன என 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

மரபணு ஆய்வின் பயனாக, இவ்வினம் ஒபியோமாசுத்திக்சு என்னும் அயற்சாதிக்கு மாற்றப்பட்டுள்ளது. புற உருவங் காட்டும் உறவை அகச்சான்று கொண்டு சோதித்த பின்னரே பாகுபாடு உறுதி பெறும் என்பதற்கு இச்சிறு பிராணி தக்க சான்றாகும்.