உங்களுக்குத் தெரியுமா? பொன் இல்லாத பொன்னொளி

துனிசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில், தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தைச் சுற்றி 9-ஆம் நூற்றாண்டு ஓடுகள் பதிந்திருக்கின்றன. பொன்போல் மின்னும் அந்தச் சித்திரங்களில் பொன் கிடையாது, வெள்ளியும் செம்பும்தான்.

அப்பாசியர் கால ஈராக்கில் குயவர்கள் வளர்த்தெடுத்த வித்தை இது. கண்ணாடிப் பூச்சு பூசி ஏற்கெனவே சுட்டெடுத்த பாண்டத்தின்மேல், வெள்ளி, செம்புச் சேர்மங்களைக் காவிமண்ணோடு குழைத்துச் சித்திரம் தீட்டினார்கள். பிறகு மீண்டும் சூளை. இம்முறை சூடு சுமார் 600 டிகிரி செல்சியஸ்தான். பூச்சு லேசாக இளகும், உருகி ஓடாது. அந்த வேளையில் வெள்ளி அயனிகள் பூச்சுக்குள் புகுந்து, அங்கிருந்த சோடியம், பொட்டாசியம் அயனிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது காற்றை அடைத்துப் புகை மூட்டுவார்கள். ஆக்சிஜன் குறைந்த அந்தப் புகையில் அயனிகள் உலோகமாக மாறி, சில நானோமீட்டர் அளவே உள்ள நுண்மணிகளாகத் திரளும். ஒளியின் நீலப் பகுதியை அவை விழுங்கிவிட, நம் கண்ணுக்கு மஞ்சள் பொன்னொளி! செம்பு கூடினால் மாணிக்கச் சிவப்பு.

சூளை ஆறியதும் மேலே கருகி ஒட்டியிருக்கும் மண்ணைத் தேய்த்தெடுக்க வேண்டும். அதுவரை சித்திரத்தின் முழு ஒளியும் குயவர் கண்ணுக்கே தெரியாது. இந்த வித்தையில் என்னை மிகவும் சிலிர்க்க வைக்கும் கணம் அதுதான்.