துப்பறியும் கதையும் வாசகர் வட்டமும்

துப்பறியும் கதையை இலக்கிய அவைக்குக் கொண்டுவரலாமா என்னும் ஐயம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. வெறும் பொழுதுபோக்கு என்று அதனை ஒதுக்குவோரிற் பலரும் இளமையில் போர்வைக்குள் ஒளிந்து அதனைப் படித்தவர்களே. பண்டமாரானில் ஒரு வாசகர் வட்டம் இக்கதைகளைப் பற்றி உரையாட முற்படுமாயின், எதனை நோக்கிப் படித்தல் வேண்டும் என்பதை விளக்குவதே இவ்வுரையின் கருத்து.

சான்றினை ஆராய்தல் தமிழுக்குப் புதிதன்று. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்க என்கிறார் வள்ளுவர். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருப்பின் அதனைத் தெளிக என்றும் கூறுகிறார். சிலப்பதிகாரத்துப் பாண்டியனோ பொற்கொல்லன் ஒருவன் சொல்லையே நம்பினான். வழக்குரை காதையில் ஒரு நுட்பம் உண்டு. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி முதலில் அறிவிக்கிறாள். தம்முடையது முத்து என்று மன்னன் சொல்கிறான். அதன் பின்னரே சிலம்பு உடைகிறது. தீர்ப்புக்கு வேண்டிய செய்தி முழுவதும் தீர்ப்புக்கு முன்பே அவையோர்முன் வைக்கப்பட்டுவிட்டது.

துப்பறியும் கதையின் அறமும் இதுவே. 1841இல் எட்கர் ஆலன் போ தொடங்கிவைத்த இவ்வகை, 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸ் தோன்றியபின் பெருகிற்று. தமிழில் பண்டித நடேச சாஸ்திரியாரின் ‘தானவன்’ 1894இலேயே வந்துவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் பின்னர் அவ்வழியை அகலப்படுத்தினர். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் இக்கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிவோன் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைத்தல் ஆகாது என்பது அவற்றுள் ஒன்று. தற்செயல் அவனுக்குத் துணைசெய்தல் ஆகாது என்பது மற்றொன்று.

இவ்விரண்டாம் விதியை வைத்துக்கொண்டு தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வைப் படித்துப் பாருங்கள். சாம்புவுக்குத் தற்செயலைத் தவிர வேறு துணையே இல்லை. தடுமாறி ஏதோ செய்வார், குற்றவாளி அகப்படுவான், ஊர் அவரை மேதை என்று கொண்டாடும். விதிப்படி சாம்புவைத் தள்ளிவிடவேண்டும். நான் தள்ளமாட்டேன். விதி நம் மனத்தில் இருப்பதால்தான் அதன் மீறல் நகைப்பைத் தருகிறது.

வட்டத்திற்கு என் பரிந்துரை ஒன்றே: இறுதி அத்தியாயத்திற்கு முன் நூலை மூடிவிடுங்கள். குற்றவாளி யார் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். ஆனால் பக்கத்தைக் காட்டிச் சொல்லட்டும். ஐந்தாம் படிவத்தோடு தமிழ் வாசிப்பை நிறுத்திக்கொண்ட இளைஞர் நம் ஊரிலும் உளர். இலக்கணம் என்றால் விலகிச் செல்லும் அவர்களும், கதவு ‘சாத்தியிருந்தது’ என்றாரா, ‘பூட்டியிருந்தது’ என்றாரா என்று மும்முறை திருப்பிப் படிப்பார்கள். சாத்திய கதவை எவரும் திறக்கலாம். பூட்டிய கதவுக்குச் சாவி வேண்டும். அவ்வொரு சொல்லில் ஓர் உயிர் தப்பலாம்.

தமிழுக்கே உரிய தந்திரங்களும் உண்டு. ‘அவர் வந்தார்’ என்னும்போது வந்தவர் ஆணா பெண்ணா என்பது தெரிவதில்லை. ஆசிரியர் பொய் சொல்லவில்லை. பலர்பால் விகுதியை மரியாதைக்கு வழங்கும் நம் வழக்கத்தில் ஒளிந்துகொண்டார். ‘பெட்டியை எடுத்துச் சென்றதைக் கண்டேன்’ என்று ஒரு சாட்சி கூறுகிறான். எடுத்தவர் யார்? தோன்றா எழுவாயைத் தேடாத வாசகர் அங்கேயே ஏமாந்துபோவார். ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் இத்துணை எளிதாக மறைத்தல் இயலாது. ஆதலின் மொழிபெயர்ப்புக் கதையை எடுத்துக்கொள்ளும் நாளில் மூலத்தையும் ஒருவர் கையில் வைத்திருத்தல் நலம்.

நூலை முன்பே படித்து முடிவை அறிந்தவர் எவரேனும் வட்டத்தில் இருப்பின், விவாதம் முடியும்வரை அவரைத் தேநீர் கலக்கும் பணிக்கு அனுப்பிவிடலாம். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கும் தேநீர் இல்லாமல் துப்பு துலங்கியதில்லை.