கார்க்குத் தோலினால் சிறு பைகளும் உறைகளும் செய்தல்

கார்க்குத் தோல் என்பது எந்தப் பிராணியின் தோலுமன்று. புட்டிகளை மூடும் தக்கை எந்த மரத்தின் பட்டையிலிருந்து கிடைக்கின்றதோ, அதே கார்க்கு ஓக் மரத்தின் பட்டையை மெல்லிய ஏடுகளாகச் சீவித் துணியின்மேல் ஒட்டிச் செய்யப்படும் பொருளே இப்பெயரால் வழங்குகின்றது. பார்வைக்கும் கைக்கும் பதனிட்ட தோலைப் போன்றிருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. போர்ச்சுகல் தேசத்தில் இதனால் பணப்பை, கண்ணாடி உறை, கைப்பை முதலியன செய்து விற்கின்றனர். தையல் இயந்திரம் உள்ள எவ்வீட்டிலும் இவற்றைச் செய்யலாம். ஆயினும் இப்பொருளை ஏன் சிக்கனமாய்க் கையாள வேண்டுமென்பது, அம்மரம் பலன் தரும் விதத்தை அறிந்தாலன்றி விளங்காது.

மரமும் பட்டையும்

சாதாரணமாக ஒரு மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் அம்மரம் பட்டுப்போகும். கார்க்கு ஓக் மரமோ உரித்த இடத்தில் மறுபடியும் பட்டை வளர்த்துக் கொள்ளும் இயல்புடையது. உலகத்தில் விளையும் கார்க்கில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலிலிருந்தே கிடைக்கின்றது. அங்கு சுமார் 7 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் இம்மரங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி தென்பாகத்திலுள்ள அலென்தெஜோ பிரதேசத்தைச் சேர்ந்தது. மரங்களினடியில் கால்நடைகள் மேயும். உதிரும் காய்கள் பன்றிகளுக்குத் தீனியாகும்.

மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 70 சென்டிமீட்டர் ஆகுமுன் பட்டை உரிக்கலாகாதென்பது அத்தேசத்துச் சட்டம். அந்த அளவு பருக்கச் சுமார் 25 வருஷமாகும். பின்னர் ஒருமுறை உரித்ததற்கும் மறுமுறை உரிப்பதற்கும் இடையே 9 வருஷமாவது கழிய வேண்டும். முதல் இரண்டு முறை கிடைக்கும் பட்டை கரடுமுரடானது. தக்கை செய்ய உதவாது. மூன்றாம் முறை முதற்கொண்டே நல்ல பட்டை கிடைக்கும். ஆகவே மரம் வைத்தவர் முழுப்பலனைக் காண 40 வருஷத்திற்கு மேல் காத்திருத்தல் வேண்டும். உரித்த வருஷத்தின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் வெள்ளைச் சாயத்தால் எழுதிவைப்பது வழக்கம். 4 என்று எழுதிய மரம் 2024-ஆம் வருஷத்தில் உரிக்கப்பட்டதென்றும், 2033-க்கு முன் தொடலாகாதென்றும் அறியலாம்.

மரத்தில் சாறு நன்றாக ஓடும் மே மாதக் கடைசி முதல் ஆகஸ்டு வரையில் கோடரியால் கீறி, பட்டையைப் பலகைபோல் நெம்பி எடுப்பார்கள். வெட்டு ஆழமாய்ப் பாய்ந்து உட்பட்டை காயமுற்றால் அவ்விடத்தில் மறுபடி நல்ல பட்டை வளராது. ஆதலால் இது கைதேர்ந்தவர் மட்டுமே செய்யும் வேலை.

பட்டை தோலாகும் விதம்

உரித்த பலகைகளை அடுக்கிச் சில மாதங்கள் உலரவிட்டு, கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவைத்துத் தட்டையாக்குவார்கள். பின்னர் அவற்றைச் சேர்த்தொட்டிக் கட்டைகளாக்கி, காகிதம்போல் மெல்லிய ஏடுகளாகச் சீவித் துணியின்மேல் பதிப்பார்கள். ஒரு கன சென்டிமீட்டர் கார்க்கில் காற்றடைத்த நுண்ணறைகள் சுமார் 4 கோடி உள்ளன. 1665-ஆம் வருஷத்தில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி பூதக்கண்ணாடியின் வழியே கண்டு வெளியிட்டவை இவ்வறைகளே. இலேசாயிருத்தல், நீர் எளிதில் ஊறாமை, மடித்தாலும் நிமிர்தல் ஆகிய குணங்களுக்கு இவ்வமைப்பே காரணம்.

தைக்குமுன் கவனிக்க வேண்டியவை

1. ஊசி குத்திய துளை இதில் மறையாது. ஆகவே குண்டூசிக்குப் பதிலாகக் கிளிப்புகளை உபயோகிக்க வேண்டும். பிரித்துத் தைக்க நேராதபடி, துண்டுத் தோலில் முதலில் தைத்துப் பார்ப்பது நலம்.

2. 14-ஆம் நம்பர் ஊசியும் உறுதியான பாலியெஸ்டர் நூலும் ஏற்றவை. தையல் ஒவ்வொன்றும் 3 முதல் 3½ மில்லிமீட்டர் நீளமிருக்கட்டும். நெருங்கிய தையல், தபால்தலைத் தாளின் துளைவரிசைபோலாகித் தோலைக் கிழித்துவிடும்.

3. தையல் முடிவில் முன்பின்னாகப் பலமுறை ஓட்டாமல் நூல்களை உட்புறம் இழுத்து முடிபோட வேண்டும்.

4. மடிப்பு படிவதற்குச் சூடான இஸ்திரிப் பெட்டியை நம்பலாகாது. விரலால் நீவி, மேல்தையல் போட்டாலே படியும்.

அட்டை உறை

முதலிற் பழகுவதற்கு இது ஏற்றது. 15 சென்டிமீட்டர் நீளமும் 11 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டு ஒன்றை, நீளம் பாதியாகும்படி நல்லபுறம் வெளியே தெரிய மடித்து, இரு பக்கங்களிலும் ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே தைத்தால் போதும். வெட்டிய ஓரம் எளிதில் நூல்பிரியாதாகையால் மடித்தடிக்க வேண்டுவதில்லை. வங்கி அட்டைகள் நாலைந்து இதில் அடங்கும்.

ஜிப்பு வைத்த பை

22 சென்டிமீட்டர் நீளமும் 16 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தோல்துண்டு இரண்டும், அதே அளவில் உள்துணி இரண்டும், 22 சென்டிமீட்டர் ஜிப்பு ஒன்றும் தேவை. தோலின் நல்லபுறத்தில் மேல்விளிம்பை ஒட்டி ஜிப்பைக் குப்புறவைத்து, அதன்மேல் உள்துணியைக் குப்புறவிட்டு, மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். இரண்டையும் ஜிப்பினின்று பின்னால் திருப்பி, விளிம்பருகே மேல்தையல் போடவேண்டும். மறுபக்கமும் அவ்வாறே. பின்னர் ஜிப்பைப் பாதி திறந்துவைத்து, தோலோடு தோலும் துணியோடு துணியும் நல்லபுறங்கள் சேரும்படி வைத்து, 1 சென்டிமீட்டர் உள்ளே சுற்றிலும் தைக்கவும். உள்துணியின் அடியில் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட மறக்கலாகாது. மூலைகளைக் கத்தரித்து, அவ்வழியே பையை மெதுவாகப் புரட்டி, இடைவெளியைத் தைத்து மூடினால் பை முடிந்தது. அழுக்கானால் ஈரத்துணியில் சிறிது சோப்பிட்டுத் துடைப்பதே போதுமானது.

மரத்திற்கு என்ன நன்மை?

கார்க்கு வியாபாரத்தில் பெரும்பங்கு வருமானம் புட்டித் தக்கையினாலேயே வருகின்றது. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் பிளாஸ்டிக் தக்கையும் அலுமினியத் திருகுமூடியும் பரவவே, பட்டைக்கு விலை குறையுமோ என்னும் கவலை மரச் சொந்தக்காரருக்கு ஏற்பட்டது. அனுமதியின்றி இம்மரத்தை வெட்டுவது போர்ச்சுகலில் குற்றம். 2011-ஆம் வருஷத்தில் இது அத்தேசத்தின் தேசிய மரமாகவும் ஏற்கப்பட்டது. எனினும் சட்டம் வெட்டுவதைத் தடுக்குமேயன்றி, புதுக்கன்று நட்டு 40 வருஷம் காக்கும் ஊக்கத்தைத் தராது. அவ்வூக்கம் பட்டையின் விலையினாலேயே வரும். சிறு பைகள் தக்கையின் இடத்தை நிரப்பிவிடுமென்று சொல்லுவதற்கில்லை. ஆனால் மெல்லிய ஏடாகச் சீவுவதால் கொஞ்சம் பட்டையே அதிகப் பரப்புக்கு வருகின்றது. அதில் கைவேலைக்கும் கூலி கிடைக்கின்றது.

வாங்குவோர் ஒன்று கவனிக்க வேண்டும். அடித்துணியும் பசையும் பருத்தியாகவோ செயற்கைப் பொருளாகவோ இருக்கலாம். மக்கிப் போகுமென்று சொல்லி விற்பதையெல்லாம் அப்படியே நம்பாமல் விசாரித்தறிதல் வேண்டும். வெட்டுமுன் காகிதத்தில் அளவு வரைந்து, துண்டு வீணாகாதபடி அடுக்கிப் பார்ப்பது அவசியம். ஒன்பது வருஷத்திற்கு ஒருமுறை கிடைக்கும் பட்டையினாற் செய்த பை, அடுத்த பட்டை உரிக்கும் வரையிலாவது உழைக்கும்படி தைக்கப்படுதல் நியாயம்.